பட்டறைப் பதில்கள்: எட்டுக்கு முப்பத்திரண்டு

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதி. கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் என்று பூட்டிக் கிடந்த வீடுகளைத் திறந்திருக்கிறார்கள். இரண்டாம் கட்டு அறையை ஒழிக்கும்போது ரேடியோ, தையல் மிஷின், புரொஜெக்டர் என்று ஏதாவது ஒன்று கிடைத்திருக்கிறது. துடைத்துப் பார்த்தால் ஒரு ஸ்க்ரூ இல்லை. கடையில் வாங்கியது சேரவில்லை. அதனால் இந்த முறை வேறு கேள்விகளை ஒதுக்கிவிட்டு மரை பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் ஐயா யுத்தத்துக்கு முன் ரங்கூனிலிருந்து கொண்டுவந்த அமெரிக்க வால்வு ரேடியோ ஒன்று இருக்கிறது. அடியில் பிடிக்கும் நான்கு ஸ்க்ரூவில் ஒன்று இல்லை. காரைக்குடியில் நாலு எம்எம் ஸ்க்ரூ வாங்கிப் போட்டேன். இரண்டு சுற்று லேசாகப் போகிறது, அப்புறம் இறுகி நிற்கிறது. எண்ணெய் விட்டு முறுக்கலாமா? (வாசகர், கானாடுகாத்தான்)

முறுக்காதீர்கள். போட்ட ஸ்க்ரூவை இப்போதே மெதுவாகத் திருப்பி எடுத்துவிடுங்கள். எண்ணெய் துருவுக்குத்தான் மருந்து. இங்கே துரு இல்லை, மரை வேறு.

ஸ்க்ரூவுக்கு இரண்டு அளவு உண்டு. ஒன்று அதன் தடிமன். இன்னொன்று ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி. நாம் கடையில் தடிமனை மட்டும் சொல்லிக் கேட்கிறோம், தகராறு அங்கேதான் தொடங்குகிறது. நீங்கள் வாங்கிய நாலு எம்எம் ஸ்க்ரூவில் மரைக்கு மரை 0.7 மில்லிமீட்டர். உங்கள் ரேடியோவில் இருப்பது, நீங்கள் எழுதியிருக்கும் அடையாளத்தைப் பார்த்தால், அமெரிக்க எட்டாம் நம்பர் ஸ்க்ரூ. அதன் தடிமன் 4.17 மில்லிமீட்டர், ஓர் அங்குலத்துக்கு 32 மரை, அதாவது மரைக்கு மரை 0.79. உங்கள் ஸ்க்ரூ சற்று ஒல்லி என்பதால் முதல் இரண்டு சுற்று ஆடிக்கொண்டு போகிறது. ஆனால் சுற்றுக்குச் சுற்று 0.09 மில்லிமீட்டர் பின்தங்குகிறது. ஐந்தாவது சுற்றில் அரை மில்லிமீட்டர் வந்துவிடும். மேட்டில் மேடு ஏறி உட்காரும். அதற்குமேல் கை பலத்தைக் காட்டினால் மெல்லிய தகட்டில் இருக்கும் பழைய மரை வழித்துக்கொண்டு வந்துவிடும்.

அமெரிக்கக்காரர்கள் கால் அங்குலத்துக்குக் கீழே இருக்கும் ஸ்க்ரூக்களுக்கு நம்பர் வைத்திருக்கிறார்கள். பூஜ்யம் நம்பரின் தடிமன் ஓர் அங்குலத்தில் ஆயிரத்துக்கு 60 பங்கு. நம்பர் ஒன்று ஏற ஏற 13 பங்கு கூடும். எட்டாம் நம்பரா? எட்டுப் பதின்மூன்று நூற்றிநாலு, அதோடு அறுபது, நூற்றி அறுபத்துநாலு. அவ்வளவுதான் கணக்கு. மில்லிமீட்டரில் வேண்டுமென்றால் நம்பரை 0.33-ஆல் பெருக்கி 1.52 கூட்டுங்கள். கையில் ஸ்க்ரூ இருந்து நம்பர் தெரியாவிட்டால் திருப்பிப் போடுங்கள். வெர்னியரில் (தடிமனை நுட்பமாக அளக்கும் கருவி) அளந்ததில் 1.5 கழித்து, மிச்சத்தை 0.33-ஆல் வகுக்க வேண்டும். 3.45 வந்தால் ஆறாம் நம்பர், 4.1 வந்தால் எட்டு, 4.75 வந்தால் பத்து. ஸ்க்ரூவைச் சொன்ன அளவுக்கு ஒரு மயிரிழை குறைவாகத்தான் எப்போதும் செய்வார்கள். ஆகவே கணக்கில் 7.9 வந்தால் குழம்ப வேண்டாம், அது எட்டுதான்.

தடிமன் தெரிந்தபின் மரையை எண்ண வேண்டும். த்ரெட் கேஜ் (மரை அளக்கும் பல் தகடு) இருந்தால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பல்லுக்குப் பல் இடைவெளி இல்லாமல் உட்காருகிறதா என்று பார்த்துவிடலாம். இல்லாதவர்கள் இப்படிச் செய்யுங்கள். நான் இன்றும் இப்படித்தான் செய்கிறேன். சோப்புக் கட்டியின் வழவழப்பான பக்கத்தில் ஸ்க்ரூவைப் படுக்கவைத்துக் கட்டைவிரலால் அழுத்தி எடுங்கள். வரிவரியாகப் பதிந்திருக்கும். ஒரு வரியிலிருந்து தொடங்கி பத்து இடைவெளியை அளவுகோலில் பாருங்கள். எட்டு மில்லிமீட்டருக்கு ஓர் இம்மி குறைவாக, 7.9 வந்தால் அங்குலத்துக்கு 32 மரை. ஆறரைக்குச் சற்றுக் குறைவாக, 6.35 வந்தால் 40 மரை. பத்தரை வந்தால் 24 மரை. சரியாக ஏழு வந்தால் அது நம் நாலு எம்எம். ஐந்து வந்தால் மூணு எம்எம்.

உங்களிடம் மிச்சம் மூன்று ஸ்க்ரூ இருப்பதால் வேலை சுலபம். நான்கும் போய்விட்டவர்கள், ஐஸ் குச்சியை உருட்டையாகச் சீவி ஓட்டைக்குள் இறுக்கமாகத் திருகி, அப்படியே எதிர்ப்பக்கம் திருகி வெளியே எடுங்கள். குச்சியில் மரையின் தடம் விழுந்திருக்கும். அதை அளந்தால் போதும்.

இதை எழுதும்போது வேறொரு கவலை வருகிறது, ஸ்க்ரூவைவிட இது பெரியது. அந்தக் காலத்து அமெரிக்க வால்வு செட்டுகள் பெரும்பாலும் 110-120 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் 230-இல் நேராகச் சொருகினால் போச்சு. ஏசி-டிசி இரண்டிலும் ஓடும் செட்டாக இருந்தால் உள்ளிருக்கும் இரும்புத் தட்டே மின்சாரக் கம்பியின் ஒரு முனையோடு சேர்ந்திருக்கும். அடியில் நீங்கள் தொடும் ஸ்க்ரூத் தலையிலேயே ஷாக் அடிக்கலாம். தெரிந்தவர் ஒருவரிடம் காட்டாமல் பிளக்கைச் சொருகாதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள்.

கேள்வி: எட்டாம் நம்பர் ஸ்க்ரூ என்று கேட்டால் எல்லாக் கடையிலும் மரத்துக்குப் போடும் ஸ்க்ரூவை எடுத்து நீட்டுகிறார்கள். எப்படிக் கேட்பது? (வாசகர், பள்ளத்தூர்)

கடைக்காரர் மேல் குற்றமில்லை. மர ஸ்க்ரூவுக்கும் நம்பர் உண்டு, ஆசாரிகள் அன்றாடம் கேட்பது அதைத்தான். நீங்கள் நம்பரோடு மரையையும் சேர்த்துச் சொல்லுங்கள்: “மிஷின் ஸ்க்ரூ, எட்டுக்கு முப்பத்திரண்டு.” பெட்டியின் மேல் 8-32 என்று இருக்கும். அதற்குப் பின்னால் இன்னோர் எண் இருந்தால் அது அங்குலத்தில் நீளம். கூடவே யுஎன்சி என்று போட்டிருந்தால் பருமரை, யுஎன்எஃப் என்றால் பொடிமரை. பத்தாம் நம்பரில் இரண்டுமே புழக்கத்தில் இருக்கிறது: 10-24 பருமரை, 10-32 பொடிமரை. “பத்தாம் நம்பர் குடுங்கண்ணே” என்று மட்டும் கேட்டு வாங்கி வந்தால் பாதி நாள் திரும்பப் போக வேண்டியிருக்கும். முடிந்தால் வாயால் சொல்லாதீர்கள், பழைய ஸ்க்ரூவையே சட்டைப் பையில் எடுத்துப் போங்கள்.

நம்மூரில் கிடைக்காவிட்டால் மதுரையிலோ சென்னை பாரிமுனையிலோ விசாரியுங்கள். பழைய இரும்புக் கடையையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: ஆத்தா காலத்து சிங்கர் மிஷினில், துணியை அழுத்தும் பாதத்தைப் பிடிக்கும் காது ஸ்க்ரூ தொலைந்துவிட்டது. அமெரிக்க மிஷின்தானே, 6-32 போட்டால் சேருமா? என் மகன் அளந்து 3.5 மில்லிமீட்டர் என்கிறான். (ஆச்சி ஒருவர், தேவகோட்டை)

ஆச்சி, சேராது. மகன் அளந்தது சரிதான், ஆனால் பாதி அளவுதான் அளந்திருக்கிறார். சிங்கர் கம்பெனி அமெரிக்காவில் பிறந்ததுதான். ஆனாலும் மிஷினுக்குத் தன் சொந்த மரையை வைத்துக்கொண்டது. பாதத்து ஸ்க்ரூவின் தடிமன் ஓர் அங்குலத்தில் 64-க்கு 9 பங்கு, அதாவது 3.57 மில்லிமீட்டர். மரை அங்குலத்துக்கு 40. 6-32 ஸ்க்ரூவும் கண்ணுக்கு அதே தடிமனாகத்தான் தெரியும், மரைதான் பெருசு. ஒரு சுற்றிலேயே பிடித்துக்கொள்ளும். நம் பக்கம் வந்த சிங்கர்களில் நிறைய ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் செய்தவை. எந்த ஊரில் செய்தாலும் கம்பெனி மரை ஒன்றுதான்.

இன்னொன்றையும் சொல்லி வைக்கிறேன். பழைய எலக்ட்ரிக் சாமான் கடையில் நாலு பிஏ என்று ஒரு ஸ்க்ரூ கிடைக்கும். பிரிட்டிஷ்காரர்கள் மீட்டருக்கும் ஸ்விட்சுக்கும் போட்ட மரை. தடிமன் 3.6, மரைக்கு மரை 0.66. உங்கள் மிஷினில் இருப்பது 0.635. இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் போகிறது போலப் போகும். “சேர்ந்துடுச்சு ஆச்சி” என்று சொல்லிக் கூலி வாங்கிப் போய்விடுவார்கள். ஆனால் பிஏ மரையின் கோணம் 47½ டிகிரி, மற்றதைவிட ஒடுங்கிய பல். மிஷின் ஓடுகிற அதிர்வில் அது உட்கார்ந்து நிற்காது. பாதம் சற்றே ஆடினாலும் ஊசி அதன் மேல் இறங்கி உடையும், உடைந்த துண்டு எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது.

வழி எளிது. போல்ட்டு நட்டுக் கடைக்கே போக வேண்டாம். தையல் மிஷின் சாமான் விற்கும் கடையில் “பாதம் ஸ்க்ரூ” என்று கேளுங்கள். அந்தக் கறுப்பு மிஷின் மாதிரியிலேயே வந்த நம் நாட்டு மிஷின்களுக்கும் பெரும்பாலும் இதே ஸ்க்ரூதான் என்பதால் கிடைத்துவிடும். விலையும் அதிகமில்லை.

கேள்வி: கம்ப்யூட்டர் ரிப்பேர் கற்றுக்கொண்டிருக்கிறேன். டப்பாவில் இருக்கும் ஸ்க்ரூ இரண்டு ரகமாக இருக்கிறது. எது எதற்கு? (மாணவர், காரைக்குடி)

பருமரை ஸ்க்ரூ 6-32, அமெரிக்க அளவு. பொடிமரை மூணு எம்எம். பெட்டியின் பக்கத் தகடு, பவர் சப்ளை, மூன்றரை அங்குல ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றுக்கு 6-32. டிவிடி டிரைவ், எஸ்எஸ்டி ஆகியவற்றுக்கு மூணு எம்எம். பொடிமரை ஸ்க்ரூ பருமரை ஓட்டையில் தொளதொளவென்று நிற்கும், அதனால் தெரிந்துவிடும். பருமரையைப் பொடிமரை ஓட்டையில் ஏற்றினால்தான் ஆபத்து. எஸ்எஸ்டி உடம்பு மெல்லிய அலுமினியம், ஒரே திருகில் வழித்துவிடும்.

தம்பி, நீங்கள் எனக்கு ஓர் உபகாரம் செய்யலாம். கழித்துப் போடும் பழைய கம்ப்யூட்டர்களிலிருந்து 6-32 ஸ்க்ரூக்களைக் கழற்றிச் சேர்த்து வையுங்கள். அமெரிக்க ரேடியோக்களிலும் இதே மரை நிறைய வரும். மேலே கேள்வி கேட்டவரைப் போல் எத்தனையோ பேர் இந்த ஊர்ப் பக்கம் அலைகிறார்கள், அவர்களுக்கு வேண்டியது உங்கள் குப்பையில் கிடக்கிறது.

கேள்வி: இரண்டு நூல் போல்ட்டில் இங்கிலீஷ் மரையும் அமெரிக்க மரையும் ஒன்றுதான் என்கிறார் எங்கள் ஊர் மெக்கானிக். உண்மையா? (வாசகர், குன்றக்குடி)

முக்கால்வாசி உண்மை. மிச்சக் கால்வாசிதான் போல்ட்டை ஒடிக்கும்.

வாசிக்கும் பிள்ளைகளுக்காக: எட்டு நூல் ஓர் அங்குலம், இரண்டு நூல் கால் அங்குலம். மெட்ரிக் சட்டம் 1956-இல் வந்தும் பட்டறையிலும் கட்டடக் கம்பியிலும் நூல் கணக்கு இன்னும் நிற்கிறது.

இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 1841-இல் தேசத்துக்கே பொதுவாக ஒரு மரையை முன்வைத்தார். பல்லின் கோணம் 55 டிகிரி, உச்சியும் அடியும் உருண்டை. அமெரிக்காவில் பிலடெல்பியாவின் வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் இன்னொன்றைச் சொன்னார்: 60 டிகிரி, உச்சி தட்டை. 60 டிகிரிக்குச் சாணை பிடிப்பதும் அதைச் சரிபார்ப்பதும் சாதாரணப் பட்டறைக்கும் கைகூடும் என்பது அவர் வாதம். டூல் சாணை பிடித்துப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன், அது நியாயமான வாதம். உருண்டை உச்சியை ஒழுங்காகக் கொண்டுவருவது பெரிய வேலை.

இரண்டு தேசமும் இரண்டு மரையோடு உலக யுத்தத்துக்குப் போயின. ஒருவர் பீரங்கியின் போல்ட் இன்னொருவர் இன்ஜினில் ஏறவில்லை. பட்ட பாட்டில், 1948-இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் 60 டிகிரியில் ஒரே மரைக்கு ஒப்புக்கொண்டன. மேலே சொன்ன யுஎன்சி, யுஎன்எஃப் இரண்டிலும் முன்னால் நிற்கும் யுஎன் இந்த மரையைத்தான் குறிக்கும்.

உங்கள் போல்ட்டுக்கு வருவோம். கால் அங்குலத்தில் விட்வொர்த்தும் அமெரிக்கப் பருமரையும் அங்குலத்துக்கு 20 மரை. இரண்டரை நூலில் இரண்டுக்கும் 18, மூன்று நூலில் 16. அதனால் ஒன்றில் ஒன்று ஏறும். ஆனால் பல்லின் கோணத்தில் ஐந்து டிகிரி வித்தியாசம் இருக்கிறதே, ஒரு விளிம்பு மட்டும்தான் தொடும். கதவுக் கொண்டிக்குப் பரவாயில்லை. பம்பு செட்டு, இன்ஜின் என்று அதிரும் இடத்தில் போடக் கூடாது. நான்கு நூலுக்கு, அதாவது அரை அங்குலத்துக்குப் போனால் கதையே வேறு: விட்வொர்த் 12, அமெரிக்கன் 13. உங்கள் மெக்கானிக்கிடம் இரண்டு மரையிலும் அரை அங்குலப் போல்ட்டும் நட்டும் ஒவ்வொன்று கொடுத்து மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள், அவரே ஒப்புக்கொள்வார்.

கல்யாண வீட்டுக்கு வருகிற போட்டோகிராபரின் ஸ்டாண்டில் கேமராவைப் பிடிக்கும் ஸ்க்ரூவும் இந்தக் கால் அங்குலம், 20 மரைதான். ஜப்பான் கேமராவாக இருந்தாலும் அந்த ஓர் ஓட்டை மட்டும் அங்குலக் கணக்கு.

கேள்வி: மரை போன ஓட்டையை அடுத்த எம்எம் அளவுக்கு டேப்பு (ஓட்டைக்குள் மரை வெட்டும் கருவி) போட்டுப் பெரிதாக்கிவிட்டால் தொல்லை தீர்ந்ததே, எதற்கு இவ்வளவு தேடல்? (பட்டறைக்காரர், திருப்பத்தூர்)

அண்ணே, நானும் இருபது வயதில் இப்படித்தான் நினைத்தேன். எனக்குத் தொழில் கொடுத்த வாத்தியாரின் பட்டறைக்கு ஓர் அமெரிக்கப் புரொஜெக்டர் வந்தது. பக்கத் தகட்டில் நான்கு ஸ்க்ரூ, எல்லாம் 10-32. ஒன்று தொலைந்திருந்தது. கையில் ஐந்து எம்எம் டேப்பு இருந்தது. 10-32-இல் மரைக்கு மரை 0.794, ஐந்து எம்எம்மில் 0.8. பத்து மரை அளந்தாலும் வித்தியாசம் தெரியாது. டேப்பு வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. புதுசாக ஓர் ஐந்து எம்எம் ஸ்க்ரூவைப் போட்டு மூடிக் கொடுத்துவிட்டேன். வாத்தியாரிடம் சொல்லவுமில்லை.

சில மாதம் கழித்து யாரோ நான்கையும் கழற்றித் துடைத்து இடம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். பழைய 10-32 ஸ்க்ரூ நான் பெரிதாக்கிய ஓட்டைக்குப் போய்விட்டது. தடிமன் 4.8, ஓட்டை 5. ஓடுகிற அதிர்வில் கழன்று பல்சக்கரத்துக்கு நடுவில் விழுந்தது. படச்சுருள் கிழிந்தது, சக்கரத்தில் இரண்டு பல் போனது. மிஷின் திரும்பி வந்தபோது வாத்தியார் அந்த ஓட்டைக்குள் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, “ஸ்க்ரூ எட்டணா. இந்த ஓட்டைக்கு விலை என்னடா?” என்று மட்டும் கேட்டார். அடுத்த ஒரு வாரம் அந்தச் சக்கரத்தின் பல்லை அரத்தால் வெட்டி உட்கார வைத்தது அவர்தான். எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

ஆகவே ஓட்டையைத் தொடுமுன் ஸ்க்ரூவைத் தேடுங்கள். மரை உண்மையிலேயே போய்விட்டிருந்தால் ஹெலிகாயில் போடுங்கள். சுருள்கம்பி உள்ளே உட்கார்ந்துகொள்ளும், பழைய அளவு ஸ்க்ரூவே திரும்ப ஏறும். மரை அழுக்கடைந்து மட்டும் இருந்தால் அதே அளவு டேப்பைக் கையால் மெதுவாக ஓட்டிச் சுத்தம் செய்யலாம். புதிதாகத் தகடு செய்து மரை போடுகிறீர்களென்றால் டிரில் கணக்கு இது: 4-40-க்கு 2.3 மில்லிமீட்டர், 8-32-க்கு 3.5, 10-24-க்கு 3.9, 10-32-க்கு 4.1, கால் அங்குலம் 20-க்கு 5.1. 6-32-க்கு மட்டும் புத்தகம் 2.7 சொல்லும், இரும்பில் நான் 2.8 போடுவேன். எட்டாம் நம்பருக்கு உள்ள அதே ஆழ மரையை அதைவிட ஒல்லியான உடம்பில் வெட்டியிருப்பதால் அந்த டேப்பு பலவீனமானது. அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று போங்கள், எண்ணெய் விடுங்கள். ஓட்டைக்குள் ஒடிந்த 6-32 டேப்பை வெளியே எடுப்பது அரை நாள் வேலை.

கேள்வி: வீட்டிலேயே கழற்றித் துடைக்க ஆசை. சின்ன ஸ்க்ரூக்கள் தொலையாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? (வாசகி, கோட்டையூர்)

ஆத்தங்குடிக் கல் பாவிய தளத்தில் உட்கார்ந்து கழற்றாதீர்கள். அந்தப் பூ வேலைப்பாட்டில் விழுந்த ஆறாம் நம்பர் ஸ்க்ரூவைக் கண்டுபிடிக்கவே முடியாது. பழைய வெள்ளை வேட்டி ஒன்றை நான்காக மடித்து விரித்து அதன் மேல் வையுங்கள், விழுந்தாலும் உருளாது. ஓர் அட்டையில் மிஷினின் படத்தைத் தோராயமாக வரைந்து, எந்த ஓட்டையிலிருந்து எடுத்தீர்களோ அந்த இடத்திலேயே ஸ்க்ரூவைக் குத்தி வையுங்கள். ஒரே தலை, ஒரே நீளம் என்று கலந்து போடாதீர்கள். 10-32-உம் ஐந்து எம்எம்மும் அக்கா தங்கை போல இருக்கும். துரு பிடித்து வராததை அன்றே எடுக்கப் பார்க்க வேண்டாம். மண்ணெண்ணெயில் கொஞ்சம் மிஷின் எண்ணெய் கலந்து ஒரு சொட்டு விட்டு, காலைவரை விட்டுவிடுங்கள். ஸ்க்ரூ டிரைவரின் நுனி தலையில் இருக்கும் வெட்டை முழுதாக நிரப்ப வேண்டும். ஒல்லி நுனியைப் போட்டால் தலை சிதையும். மாட்டும்போது முதலில் எதிர்ப்பக்கம் அரைச் சுற்றுத் திருப்புங்கள். ‘டக்’ என்று ஒரு சின்ன இறக்கம் கைக்குத் தெரியும். மரையின் வாய் மரையைக் கண்டுகொண்ட இடம் அது. அங்கிருந்து விரலாலேயே மூன்று சுற்று இறங்கினால்தான் டிரைவரை எடுக்க வேண்டும்.